எரிமலையும் நம் கடற்கரையும்: 1883-இல் சென்னையில் தெரிந்த பச்சைச் சூரியன்

பூமியின் ஆழத்தில் உருகிய நிலையில் உள்ள பாறைக் குழம்பு, வாயுக்களுடனும் சாம்பலுடனும் தரையைப் பிளந்துகொண்டு வெளியேறும் இடமே எரிமலை எனப்படும். வெளியேறிய பொருள்கள் அந்த வாயைச் சுற்றிக் குவிந்து மலையாக வளர்வதால் அதற்கு அப்பெயர். தமிழ்நாட்டில் இன்று செயல்படும் எரிமலை ஒன்றுகூட இல்லை. ஆயினும் கடல் கடந்த எரிமலைகள் தென்னிந்தியாவின் மண்ணிலும் கடலிலும் வானத்திலும் தம் தடங்களைப் பதித்துள்ளன. எரிமலை எவ்வாறு வெடிக்கிறது என்பதையும், அந்தத் தடங்களின் வரலாற்றையும் இக்கட்டுரை கூறுகிறது.

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூர் வட்டாரத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஆண்டுதோறும் கரும்பலகையில் எரிமலையின் படத்தை வரைந்து, "இது நம் பக்கம் கிடையாது, ஜப்பான், இந்தோனேசியா போன்ற நாடுகளில் உண்டு" என்று சொல்லி முடித்துவிடுவேன். 2004 சுனாமிக்குப் பின் பள்ளி திறந்ததும் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், "கடலுக்கு அடியில் எரிமலை வெடிச்சதாலதான் அலை வந்துச்சா சார்? மறுபடியும் வெடிக்குமா?" என்று கேட்டான். "இல்லை" என்று சொன்னேன். அந்த விடை சரிதான். ஆனால் அவன் கேட்டதற்கு அது போதுமான விடை அன்று. போதுமான விடையைச் சொல்ல வேண்டுமென்றால் 1883-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எரிமலை எவ்வாறு உருவாகிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெரிய தட்டுகளாகப் பிரிந்துள்ளது. இத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கின்றன. ஏறத்தாழ நம் விரல் நகம் வளரும் வேகம் இது. இந்தியாவையும் வங்கக் கடலின் பெரும்பகுதியையும் சுமக்கும் தட்டு, அந்தமான், சுமத்ரா, ஜாவா ஆகிய தீவுகளின் வரிசைக்கு அடியில் சரிந்து செல்கிறது.

அவ்வாறு கீழே செல்லும் தட்டு, கடல்நீர் ஊறிய பாறைகளையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பாறையிலிருந்து பிரித்து மேலே அனுப்புகின்றன. நீர் கலந்தால் பாறை உருகும் வெப்பநிலை குறைந்துவிடும். ஆகவே மேலே உள்ள பாறை உருகி, மாக்மா எனப்படும் கற்குழம்பாகிறது. இதன் வெப்பம் சுமார் 700 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது என்பதால் அது மெல்ல மேலேறி, மேலோட்டில் ஓர் அறைபோல் தேங்குகிறது. வெளியே வந்தபின் அதே குழம்புக்கு லாவா என்று பெயர்.

எல்லா எரிமலைகளும் தட்டுகளின் ஓரத்தில் இருப்பதில்லை. ஹவாய்த் தீவுகளின் எரிமலைகள் தட்டின் நடுவில், ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடத்தில் உள்ளன. ஆனால் நமக்குக் கிழக்கே உள்ள எரிமலை வரிசை முழுவதும் மேலே சொன்ன முறையில் தோன்றியதே.

வெடிப்பது ஏன்?

கற்குழம்பில் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு ஆகியவை கரைந்திருக்கும். ஆழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் அவை அடங்கிக் கிடக்கும். குழம்பு மேலேறும்போது அழுத்தம் குறையும்; வாயுக்கள் குமிழிகளாகப் பிரியும். கோலி சோடாவின் குண்டை உள்ளே தள்ளியதும் நுரை பொங்குவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து நடப்பது குழம்பின் தன்மையைப் பொறுத்தது. அடுப்பில் ரசம் கொதிக்கும்போது குமிழிகள் எளிதாக மேலே வந்து உடைந்துவிடும். கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது அப்படி அன்று. குமிழி சிக்கிக்கொண்டு, உப்பி, பிறகு வெடித்து, கிண்டுபவர் கையில் சூடாகத் தெறிக்கும். எரிமலையிலும் இதே வேறுபாடுதான். சிலிக்கா குறைந்த குழம்பு ரசத்தைப் போன்றது. வாயு எளிதில் வெளியேற, லாவா ஆறாக ஓடும். ஹவாய் எரிமலைகள் இவ்வகை. சிலிக்கா மிகுந்த குழம்பு கூழைப் போல் கெட்டியானது. வாயு வெளியேற வழியின்றித் திரண்டு, ஒரே நேரத்தில் வெடித்துக் குழம்பையே தூளாக்கி வீசும். எரிமலைச் சாம்பல் என்று நாம் சொல்வது விறகுச் சாம்பல் அன்று; நொடியில் உறைந்த கண்ணாடித் துகள்களும் பாறைத் துகள்களும் சேர்ந்த தூள். இந்தோனேசியாவின் பல எரிமலைகள் இந்த வெடிக்கும் வகையைச் சேர்ந்தவை.

1883 ஆகஸ்ட் 27

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே சுந்தா நீரிணையில் இருந்த தீவு கிரக்கத்தோவா. பழவேற்காட்டிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் முன்பின் அறியாத இடம் என்று அதைச் சொல்வதற்கில்லை. 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆசியத் தலைமையிடம், அந்த நீரிணைக்கு அருகே இருந்த பத்தாவியா. இன்றைய ஜகார்த்தா அதுவே. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் அத்தீவுகளின் சந்தைகளுக்குக் கப்பலேறின. பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னும் பத்தாவியா டச்சுக்காரரிடமே இருந்தது.

1883 மே 20 அன்று கிரக்கத்தோவா புகையத் தொடங்கியது. மூன்று மாதம் விட்டுவிட்டுக் குமுறியது. ஆகஸ்ட் 26 பிற்பகலில் பெருவெடிப்புகள் தொடங்கின. மறுநாள் காலை 10 மணியளவில் நிகழ்ந்த வெடிப்பு, வரலாற்றில் பதிவான மிகப் பெரிய ஓசைகளுள் ஒன்று. இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில், சுமார் 4,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரோட்ரிக்ஸ் தீவில் அது பீரங்கிச் சத்தம்போல் கேட்டது. தீவின் அடியில் இருந்த குழம்பறை வெறுமையானதால் அதன் கூரை இடிந்து, தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் அமிழ்ந்தது. அப்போது எழுந்த அலைகள் சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்தன. அரசுக் கணக்கின்படி இறந்தவர்கள் 36,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நெருப்பால் இறக்கவில்லை, கடலால் இறந்தார்கள்.

அலை இங்கே வந்தது

ஆழ்கடலில் சுனாமி அலை மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கிரக்கத்தோவா அலை அன்றே வங்கக் கடலைக் கடந்து நம் கரையைத் தொட்டது. இதை நாம் உறுதியாக அறிவதற்குக் காரணம், அப்போது இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களில் ஓதமானிகளை நிறுவியிருந்ததுதான். ஓதமானி என்பது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் காகிதச் சுருளில் கோடாக வரையும் கருவி. வழக்கமான ஏற்றவற்றக் கோட்டின் மேல் அன்று சிறுசிறு பற்களைப் போன்ற அலைவுகள் பதிவாயின. சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர், பம்பாய், கராச்சி, ஏடன் ஆகிய இடங்களின் பதிவுகளைத் திரட்டி, நில அளவைத் துறையைச் சேர்ந்த ஏ. டபிள்யூ. பெயர்டு அறிக்கை எழுதினார்.

நம் கரையில் அலை சிறியதாகவே இருந்தது. கிரக்கத்தோவாவின் அலை வலிமையில் பெரும்பகுதி அந்தக் குறுகிய நீரிணையிலேயே செலவாகிவிட்டது. சுமத்ராவும் குறுக்கே நின்று தடுத்தது. இலங்கையில் காலித் துறைமுகத்தில் கடல்நீர் வடிந்து மீண்டும் ஏறியதாகப் பதிவு உண்டு. அத்தீவின் கீழைக் கரையில் உள்ள பாணமையில் ஒரு பெண் அலையில் சிக்கி உயிரிழந்தார்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டிருந்தது. அலை வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். தந்திச் செய்திக்கோ அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆனால் ஓர் எரிமலை வெடித்தால் அதன் அலை இந்தியக் கரைவரை வரும் என்று எண்ணிப் பார்த்தவர் அன்று எவரும் இல்லை. கருவி இருந்தது, அறிவு இல்லை.

பச்சைச் சூரியன்

அலை அடங்கிச் சுமார் இரண்டு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 9-ஆம் நாளை ஒட்டி, சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் நிறம் மாறித் தெரிந்தது. உதயத்தின் போதும் மறைவின் போதும் வழக்கமான செம்மை இல்லை. நீலமாகவும் பச்சையாகவும் தோன்றியது. ஒளி மங்கி, வெறுங்கண்ணால் பார்க்கும்படி இருந்தது. இதேபோன்ற செய்தி வடக்கே ஓங்கோலிலிருந்தும் வந்தது. சென்னைக்கும் ஓங்கோலுக்கும் இடையில்தான் பழவேற்காடு ஏரி இருக்கிறது. விடியுமுன் கட்டுமரம் தள்ளிய நம் மீனவர்களும் அந்தப் பச்சைச் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்திருக்க வேண்டும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித், அந்த ஒளியை நிறமாலைமானி வழியாக ஆராய்ந்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர் இவரே. காற்றில் நிறைந்த நீராவிதான் பச்சை நிறத்துக்குக் காரணம் என்ற கருத்தும் அப்போது நிலவியது. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த நாள்வாரியான செய்திகளை ஒன்று சேர்த்த பின்னரே உண்மை தெளிவாயிற்று. லண்டன் ராயல் சொசைட்டி அவற்றைத் தொகுத்து 1888-இல் பெரிய அறிக்கையாக வெளியிட்டது.

கிரக்கத்தோவாவின் நுண்துகள்களும் கந்தக வாயுவும் மழைமேகங்களுக்கு மேலே, அடுக்கு மண்டலத்தை அடைந்தன. அங்கிருந்து அவை நேராக நம் பக்கம் வரவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி நகர்ந்து, இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், அமெரிக்கா, பசிபிக் எனப் பூமியை ஒரு சுற்றுச் சுற்றின. செப்டம்பர் 5 அன்று ஹவாயின் ஹோனலூலுவில் சூரியனைச் சுற்றிய மங்கிய வளையமாகத் தெரிந்தன. அதன் பிறகே இந்தியாவின் தெற்கு வானத்துக்கு வந்தன. அவ்வளவு உயரத்தில் காற்று எத்திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதை மனிதர் முதன்முதலில் அறிந்துகொண்டது இந்தத் துகள்களைப் பின்தொடர்ந்துதான்.

சூரியன் பச்சையானது ஏன்? வழக்கமாகக் காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும்; ஆகவே அடிவானத்துச் சூரியன் சிவக்கும். ஆனால் ஏறக்குறைய ஒரே அளவுள்ள, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான துகள்கள் வானில் நிறைந்தால் நிலைமை தலைகீழாகும். அவை சிவப்பு ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். நீலமும் பச்சையும் நம் கண்ணுக்கு வந்து சேரும். பின்னர், துகள்கள் மேலும் பரவியபோது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாலை வானம் தீப்பற்றியதுபோல் சிவந்தது. அமெரிக்காவில் சில ஊர்களில் தீயணைப்பு வண்டிகளையே அழைத்துவிட்டார்கள்.

மண்ணில் கிடக்கும் சாம்பல்

கிரக்கத்தோவாவைச் சிறியதாக்கிவிடும் வெடிப்பு ஒன்றும் உண்டு. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தது. குழம்பறை இடிந்து உண்டான பள்ளம் இன்று சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியாக உள்ளது. அதன் சாம்பல் 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இந்தியா முழுதும் விழுந்தது.

நமக்கு அண்மையில் அதைக் காணக்கூடிய இடம் ஆந்திர மாநிலத்தில் நந்தியால் பகுதியிலுள்ள ஜுவாலாபுரம். மழைநீர் அடித்துவந்து சேர்த்ததால் அங்குச் சாம்பல் பல அடி கனத்தில் வெள்ளைப் படிவமாக உள்ளது. அந்தப் படிவத்தின் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்தன. மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கொரிசெட்டர் முதலிய ஆய்வாளர்கள் 2007-இல் இதை வெளியிட்டார்கள். மேலும் கீழும் உள்ள கருவிகள் பெரிதும் ஒத்திருப்பதால், அவ்வளவு பெரிய சாம்பல் மழைக்குப் பின்னும் அப்பகுதியில் மனித வாழ்க்கை தொடர்ந்தது என்பது அவர்கள் முடிவு.

இந்தியாவின் எரிமலை

இந்தியாவில் இன்று செயல்படும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் உள்ளது. சுமார் 3 கிலோமீட்டர் அகலமுள்ள இத்தீவில் மக்கள் வாழ்வதில்லை. கடலுக்கு மேல் தெரிவது மலையின் உச்சி மட்டுமே. அதன் அடிவாரம் கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கும் கீழே உள்ளது. 1787-இல் தொடங்கி அதன் சீற்றங்கள் பதிவாகியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-இல் மீண்டும் வெடித்தது. அதன்பின் பலமுறை லாவாவும் சாம்பலும் வெளிவந்துள்ளன. நூறாண்டு அமைதி என்பது எரிமலைக்கு ஒரு பகல் தூக்கம் என்பதற்கு இதுவே சான்று.

சென்னை, திருவள்ளூர்ப் பகுதிகளைப் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் எரிமலைகள் அல்ல. அவை சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறை. பூமியின் ஆழத்தில் உருவாகி, மேலிருந்த மண்ணும் பாறையும் தேய்ந்ததால் வெளித்தெரிபவை. பழவேற்காடு ஏரியோ கடலும் ஆறுகளும் மணலும் சேர்ந்து அமைத்த காயல். அதன் அடியில் கற்குழம்பு எதுவும் இல்லை.

2004-இல் நடந்தது என்ன?

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று வெடித்தது எரிமலை அன்று. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. சரிந்து செல்லும் தட்டுக்கும் மேலே உள்ள தட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த இறுக்கம், சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரேயடியாக விடுபட்டது. கடல்தளம் எழும்பி நீரைத் தள்ளியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னைக் கரைக்கு வந்தது.

ஆக, எரிமலையும் சுனாமியும் இங்கே தாயும் பிள்ளையும் அல்ல. ஒரு தாய் பெற்ற இரு பிள்ளைகள். சரியும் அந்தத் தட்டே கற்குழம்பையும் உண்டாக்குகிறது, நிலநடுக்கத்தையும் உண்டாக்குகிறது. சில நேரங்களில் எரிமலை தானே சுனாமியை எழுப்புவதும் உண்டு. 1883-இல் அழிந்த தீவு இருந்த இடத்தில் 1927-இல் கடலிலிருந்து புதிய எரிமலை முளைத்தது. கிரக்கத்தோவாவின் குழந்தை என்று பொருள்படும் அனாக் கிரக்கத்தோவா என்பது அதன் பெயர். 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழ, எழுந்த அலையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னறிவிப்பாக வரவில்லை. 2022 ஜனவரி 15 அன்று பசிபிக்கில் தொங்கா நாட்டின் கடலடி எரிமலை வெடித்தபோது, அதன் காற்றழுத்த அலை சுமார் 12,000 கிலோமீட்டர் தாண்டி அன்று இரவே சென்னையின் அழுத்தமானிகளில் பதிவானது.

வரலாறு தரும் பாடம்

1883-இல் தந்திக் கம்பி இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. 2004-இல் செயற்கைக்கோளும் தொலைபேசியும் இருந்தும், இரண்டரை மணி நேரம் வீணாயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். கடல் உள்வாங்கியபோது, தெரிந்த தரையையும் துள்ளிய மீனையும் பார்க்க இறங்கிப் போனவர்களும் உண்டு. தொலைவில் நிகழ்வதால் நாம் தப்பிவிடுவதில்லை. ஆனால் தொலைவு நமக்குச் சில மணி நேர அவகாசத்தைத் தருகிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்துவதற்காகவே 2007-இல் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது.

மையம் செய்தி அனுப்பினாலும், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்திட்டில் வாழும் ஊர்களில் அதைக் கேட்டு நடக்க வேண்டியவர்கள் மக்கள்தான். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. உடனே கரையை விட்டு உள்ளே செல்ல வேண்டும். முதல் அலைக்குப் பின் வரும் அலைகள் அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். பல மணி நேரத்துக்குத் திரும்பக் கூடாது. அதேபோல், ஏரிக்கடியில் எரிமலை இருக்கிறது என்று யாராவது வதந்தி பரப்பினால் அதை நம்பி ஓடவும் கூடாது.

அன்று அந்த மாணவனுக்கு "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருக்கக் கூடாது. "இல்லை தம்பி, எரிமலை அல்ல. ஆனால் எரிமலையை உண்டாக்குவதும் இதை உண்டாக்கியதும் ஒன்றே. அது மறுபடியும் அசையும். எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது. அசைந்தால் நமக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே நேரம் இருக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். இன்று எரிமலைப் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு அந்த விடை உரியது.